லான்டர்ன் ஏரிக்கு ஒரு டோலி

பிரேலி என்கிற மலையூரில் ஊர்க்கூட்டம் என்றால் முதலில் தீயணைப்பு வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே ஓட்டி நிறுத்த வேண்டும். அப்புறம்தான் நாற்காலி போட இடம் கிடைக்கும். அந்த ஜூன் மாதச் சாயங்காலம் வண்டியும் வெளியே நின்றது, பாதி ஊரும் வெளியே நின்றது. உள்ளே அத்தனை நெரிசல். தேசிய வனத்தில் இத்தனை காலம் சாலையே இல்லாமல் கிடந்த மலைக்குள், லான்டர்ன் ஏரி வரைக்கும் ஒன்பது மைலுக்குச் சாலை போடலாமா கூடாதா என்று கேட்க வன இலாகா வந்திருந்தது.

பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். ஐலி ரௌத்தியோ தன்னுடைய மூன்று நிமிஷத்தைக் கத்தியே தீர்த்துவிட்டுப் பின்வரிசையில் காபிக் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். அறுபதைத் தாண்டியவள். கோவேறு கழுதைகளில் மூட்டை கட்டி மலைக்கு ஏற்றிப்போவது அவள் தொழில். கழுதைகளோடு பேசிப் பேசி, மனுஷர்களிடமும் அதே குரல்தான் வரும். 'சாலை வந்தா பின்னாடியே லாரி வரும். லாரி வந்தா மரம் போகும். அப்புறம் எதைப் பாக்கறதுக்கு அந்தச் சாலை?' என்று கேட்டிருந்தாள். கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது.

அடுத்து மாவட்ட கமிஷனர் ராய்ஸ் கிரிம்ஸ்டெட் ஒரு சக்கர நாற்காலியைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். சாலை வேண்டும் என்பவர்களுக்கு அவர்தான் தலைவர். நல்ல மனுஷன்தான், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் கேமரா இருக்கும் பக்கமாகத்தான் நிற்பார். நாற்காலியில் இருந்தவன் ஆர்வோ, ஐலியின் அண்ணன்.

ஐலி குவளையைக் கீழே வைத்தாள். அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. எல்லாம் இந்தச் சாலையால்தான். ஆர்வோ வாழ்நாள் முழுக்க புல்டோசர் ஓட்டியவன். மலைப் பக்கம் போகும் கடைசிச் சாலையும் அவன் வெட்டியதுதான். பாதியில் ஒருநாள் 'இதற்கு மேல் சாலை கூடாது' என்று உத்தரவு வந்தது. எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்தான். அந்த இடத்தில் சாலை இன்றைக்கும் ஒரு வட்டம் போட்டு, மூக்கறுபட்ட மாதிரி நின்றுவிடுகிறது. அந்த ஆத்திரம் அவனுக்கு ஆறவேயில்லை. போன குளிர்காலத்தில் சர்க்கரை வியாதிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இருதயமும் சரியில்லை. அடுத்த கோடைக்கு எதையும் திட்டம் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என் தங்கச்சி பேசினதக் கேட்டீங்க," என்றான் ஆர்வோ. மூச்சு வாங்கியது. "நல்லா பேசினா. அவளுக்கு ரெண்டு காலும் இருக்கு. அவ ஏரியப் போய்ப் பாத்துட்டு வருவா. சின்ன வயசுல ஆகஸ்டு மாசமானா எங்கப்பா எங்கள அங்க கூட்டிட்டுப் போவாரு. சாகறதுக்குள்ள இன்னொரு தடவ பாக்கணும்னு எனக்கு ஆசை. நான் எப்படிப் போறது? அத மட்டும் யாராவது சொல்லுங்க."

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஐலிக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்தே விட்டாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்!"

"உங்க நேரம் முடிஞ்சிருச்சும்மா," என்றாள் வன அதிகாரி.

"எப்படி ஐலி? முதுகுல சுமந்தா?" என்றார் ராய்ஸ். சிரிப்பு கிளம்பியது.

"டோலில!" என்றாள் ஐலி. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, தான் அப்படிச் சொல்லிவிட்டோம் என்று.

ஆர்வோ திரும்பி அவளையே பார்த்தான். "ஆகஸ்டுலயா?" என்று கேட்டான். பல வருஷம் கழித்து அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். அடுத்த கூட்டம் அக்டோபரில் என்று அதிகாரி அறிவித்தாள்.

*

வாய்க்கொழுப்பில் சொல்லியாகிவிட்டது, இனி டோலி செய்தாக வேண்டும். ஐலி ஒல்லியான இரண்டு பைன் மரங்களை வெட்டி, பட்டை உரித்து, நடுவில் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டினாள். முன்னால் ஒரு கழுதை, பின்னால் ஒரு கழுதை, இரண்டின் சேணத்திலும் கம்புகளின் நுனி தொங்கும். முன்னுக்கு டீக்கன், பெயருக்கேற்ற மாதிரி பாதிரியார் நடை, அவசரமே கிடையாது. பின்னுக்கு ஜூன். சாமான் சுமக்க ஓட்டிஸ். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ரூத் என்கிற வெள்ளைக் குதிரை, கழுத்தில் மணியோடு. மணிக்குதிரை எங்கே போகிறதோ அங்கே கழுதைகள் போகும். ராத்திரி அவற்றைக் கட்டவே வேண்டாம். குதிரையை மட்டும் கட்டிப்போட்டால் போதும், அது மேயும்போது ஆடுகிற மணிச்சத்தம் கேட்கிற தூரத்தைத் தாண்டி ஒரு கழுதையும் நகராது.

சாலை முடியும் வட்டத்தில் ஆர்வோவை டோலியில் ஏற்றினாள். அவன் மல்லாந்து படுத்துக்கொண்டு கம்பைத் தட்டிப் பார்த்தான்.

"இது என் எடை தாங்குமா?"

"தாங்கலன்னா உனக்குத்தான் முதல்ல தெரியும்."

"அந்தப் பக்கம் கல்லு கில்லு வைக்க வேணாமா?"

ஐலி சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். முடியவில்லை. அவர்களுடைய அப்பாவும் இதே தொழில்காரர். பிள்ளைகளை ஏரிக்குக் கொண்டுபோக, கழுதையின் இரண்டு பக்கமும் மரப்பெட்டி கட்டி, ஒன்றில் ஆர்வோவையும் இன்னொன்றில் ஐலியையும் உட்கார வைப்பார். ஆர்வோ குண்டு, ஐலி நோஞ்சான். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் சேணம் புரளும், கழுதையின் முதுகு புண்ணாகும். அதனால் ஐலியின் பெட்டியில் கல்லைப் போடுவார். ஒவ்வொரு கல்லாகப் போட்டு, விலகி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இன்னொன்று போடுவார். அவள் மடியில் கல்லை வைத்துக்கொண்டே வளர்ந்த பெண். 'கல்லுக்காரி, கல்லுக்காரி' என்று ஆர்வோ எதிர்ப்பெட்டியிலிருந்து வழியெல்லாம் ராகம் போட்டுக்கொண்டு வருவான்.

"கிளம்பு ரூத்," என்றாள். மணி ஆடியது. டோலி ஒரு தரம் குலுங்கி, பிறகு தொட்டில் மாதிரி சீராக ஆட ஆரம்பித்தது.

நடக்கிறவர்களுக்குத் தெரிகிற காடு வேறு, படுத்துக்கொண்டு போகிறவனுக்குத் தெரிகிற காடு வேறு. ஆர்வோவுக்குத் தரையே தெரியவில்லை. வானமும், வானத்தைத் தொட்டுக்கொண்டு பின்னால் நகர்கிற மர நுனிகளும்தான். ஸ்ப்ரூஸ் மரங்களில் தொங்கிய சாம்பல் நிறப் பாசி அவன் முகத்தை உரசிவிட்டுப் போயிற்று. ஒரு பறவை கூடவே வந்தது. கிளைவிட்டுக் கிளை தாவி, இது என்ன புதுவிதமான சாமான் என்று எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம் தூங்கினான், கொஞ்ச நேரம் விழித்தான். தூங்கும்போது பேசியதும் விழித்துப் பேசியதும் ஒன்று போலவே இருந்தன.

"இங்க பாறைய உடைக்கணும் ஐலி. வெடி வச்சா ஒரு நாள் வேல." சாலைக்கு அளவெடுத்தவர்கள் மரத்தில் கட்டிவிட்டுப் போன ஆரஞ்சு நாடா காற்றில் ஆடியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஊன்றுகோலை நீட்டிக் காட்டுவான். "இங்க ஓடைக்குக் குழாய் பதிக்கணும். இந்த வளைவு ரொம்பக் குறுகல், இன்னும் உள்ள தள்ளணும்."

"தள்ளு, தள்ளு. படுத்துக்கிட்டே தள்ளு."

"நான் இந்த மலைய மனசுக்குள்ள எத்தனை தடவ வெட்டியிருக்கேன் தெரியுமா? ராத்திரி தூக்கம் வரலன்னா வெட்டுவேன். அந்த வட்டத்துல ஆரம்பிச்சா ஏரி வர்றதுக்குள்ள தூங்கிடுவேன். ஒரு நாளும் ஏரிக்கு வந்து சேந்ததில்ல."

ஐலி புதரிலிருந்து ஒரு பிடி ஹக்கிள்பெரிப் பழத்தைப் பறித்து, நடந்துகொண்டே பின்னால் வந்து அவன் வாயில் போட்டாள். வாய் நீலமாகிப் போயிற்று.

கொண்டை ஊசி வளைவுகள்தான் கஷ்டம். டோலியின் நீளத்துக்கு வளைவு போதாது. ஒவ்வொரு வளைவிலும் ஆர்வோ இறங்கி, ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் டீக்கனின் வாலுமாக நொண்டி நொண்டித் திரும்ப வேண்டும். டீக்கன் திரும்பிப் பார்த்து, 'சரி, வயசானவன்' என்கிற மாதிரி பொறுத்துக்கொண்டது. மூன்றாவது வளைவில் ஆர்வோ சிரிக்க ஆரம்பித்தான், அவன் சிரிப்பதைப் பார்த்து ஐலியும். இரண்டு பேரும் நடுக்காட்டில் கழுதை வாலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டுமட்டும் சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

வழியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கணவாயைத் தாண்டினார்கள். லான்டர்ன் ஏரிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அப்போதுதான் தெரியும். பள்ளத்தாக்கு முழுக்க இருட்டிவிட்ட பிறகும், எதிரே நிற்கிற செங்குத்துப் பாறையில் மட்டும் வெயில் மிச்சமிருக்கும். அது தண்ணீரில் விழுந்து, ஏரியின் அடியில் யாரோ லாந்தர் விளக்கேற்றி வைத்தது போல் இருக்கும். ஐலி டோலியைக் கரையோரம் இறக்கினாள். ஆர்வோ ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தான். ஒரு மீன் துள்ளி, வட்டங்கள் விரிந்து விரிந்து கரைக்கு வந்தன. அவன் கையை நீட்டி அந்தக் கடைசி வட்டத்தைத் தொட்டான்.

"அப்பாவோட காபி வாசனை வருது," என்றான், திரும்பாமலே.

"நான்தான் போட்டுக்கிட்டு இருக்கேன், கிழவா."

"அதான் இவ்வளவு கருகல் வாடை."

வாயில் சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு காபி குடித்தான். சர்க்கரை வியாதிக்காரன் செய்கிற காரியமா அது? ஐலி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். குதிரை பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. ணங், ணங் என்று மணி.

"அந்த மணிய கொஞ்ச நேரம் அமுக்கேன் ஐலி. ஏரி என்ன சொல்லுதுன்னு கேக்கணும்."

ஐலி ஒரு கொத்துப் பாசியைப் பிடுங்கி மணிக்குள் திணித்தாள். திடீரென்று அத்தனை பெரிய அமைதி. தண்ணீர் கல்லைத் தொட்டுத் தொட்டுப் போகிற சத்தம் மட்டும். தூங்கப் போகும் முன் பாசியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அண்ணனும் தங்கையும் பேச ஆரம்பித்தார்கள். எதையெதையோ பேசினார்கள். அம்மா அந்தக் காலத்தில் சுட்ட ஏலக்காய் ரொட்டியைப் பற்றி, எப்போதோ செத்துப்போன நாயைப் பற்றி. பேசிக்கொண்டே இருவரும் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்கள்.

*

விடிந்ததா இல்லையா என்று ஐலிக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் வெள்ளை. மூடினாலும் வெள்ளை. மூடுபனி ஏரியையும் மலையையும் விழுங்கிவிட்டு, அவர்கள் இருந்த இடத்தை மட்டும் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தது. ரூத் கட்டிய இடத்தில் நின்றது. பக்கத்தில் ஒரு கழுதையும் இல்லை.

"டீக்கன்! ஜூன்!"

குரல் பஞ்சில் குத்திய ஊசி மாதிரி போய்ச் சத்தமில்லாமல் நின்றது. குதிரையின் கழுத்தைப் பார்த்தாள். மணிக்குள் பாசி அப்படியே இருந்தது. ஐயோ, என்ன காரியம் செய்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். முதன்முதலாகக் கயிறு பிடிக்கிற பொடிசுகூட இதைச் செய்யாது. மணி இல்லாத பனியில் கழுதைகள் மேய்ந்துகொண்டே எந்தப் பக்கமாகப் போயினவோ, திரும்பி வர அவற்றுக்கு வழி தெரிந்திருக்காது. கழுதைகள் இல்லாவிட்டால் டோலி வெறும் இரண்டு கம்பு.

"என்ன சத்தம்?" என்றான் ஆர்வோ போர்வைக்குள்ளிருந்து. குரலே சரியில்லை. ஐலி குனிந்து பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. நேற்றைய பழத்தின் நீலம் என்று கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. கை சில்லிட்டிருந்தது. பனி ஈரம் போர்வைக்குள் இறங்கிவிட்டிருந்தது. நெஞ்சு உலைத்துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

இருதய மாத்திரையைக் கொடுத்தாள். தீயை மூட்டினாள். ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டாள், குதிரைச் சேணத்தின் கம்பளியைப் போட்டாள், அதுவும் போதாமல் அவன் பக்கத்தில் படுத்து அவனைக் கட்டிக்கொண்டாள். குதிரையில் ஏறிப் போய் ஆள் கூட்டி வரலாம். ஆனால் போய்த் திரும்புவதற்குள்? தனியாக இவனை இங்கே விட்டுவிட்டா? இந்தப் பனியில் எந்த ஹெலிகாப்டரும் வராது. போனுக்கும் இங்கே உயிர் கிடையாது. இந்த மலையை அவள் எத்தனையோ கூட்டத்தில் தாய் மாதிரி என்று பேசியிருக்கிறாள். இப்போது அது வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, யாரையும் தெரியாதது போல் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அதன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

"ஒரு சாலை இருந்திருந்தா," என்றாள், வாய்விட்டே. அழுகை முட்டியது. "ஒரே ஒரு சாலை. எல்லா மரத்தையும் வெட்டிட்டுப் போகட்டும். மொத்த மலையையும் எடுத்துக்கட்டும். உன்னைத் தூக்கி வண்டில போட்டுக்கிட்டுப் போயிருப்பேனே."

போர்வைக்குள் ஏதோ குலுங்கியது. அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று பயந்தே போனாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தரம் சொல்லு."

"சாவடிப்பேன் உன்ன."

"நீயே சொல்லிட்ட. எங்க போனான் அந்த ராய்ஸ் பய? இப்பப் பாத்து ஆளக் காணோம்." சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியது. அவள் கையை இறுக்கிப் பிடித்தான். "மணியக் கொண்டா. பாசிய எடு."

ஐலி குதிரையின் கழுத்திலிருந்து மணியைக் கழற்றி, பாசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைப் பிடித்து, தீப்பிடித்த வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி படபடவென்று அடித்தான்.

"அப்படி அடிச்சா உள்ளதும் ஓடிடும். குதிரை மேயற மாதிரி அடி."

"மேயற மாதிரின்னா?"

"ஒரு வாய் புல்லப் பிடுங்கும். ணங். மெல்லும். ஒரு அடி வைக்கும். ணங், ணங். அப்புறம் தலையத் தூக்கி சும்மா நிக்கும். நீயும் சும்மா இரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். ணங். நிறுத்தினான். ணங், ணங். ஐலி காதோடு காதாகச் சொல்லிக்கொடுத்தாள்: இப்போ ஈ மொய்க்குது, தலைய ஆட்டு. இப்போ நல்ல புல்லு, ரெண்டு வாய். இப்போ தண்ணி குடிக்குது, சத்தம் போடாத. அவன் குதிரையாகிவிட்டான். பனிக்குள் ஒரு கால் இல்லாத கிழவன் மேய்ந்துகொண்டிருந்தான், தங்கை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருந்தாள். ரூத் இவர்களை உற்றுப் பார்த்தது. தன் மணி வேறெங்கோ மேய்வது அதற்குப் பிடிக்கவில்லை போல. கிட்டே வந்து அவர்கள் மேலேயே மூச்சுவிட்டது. அந்த மூச்சு வெதுவெதுவென்றிருந்தது. நேரம் போயிற்றா, நின்றதா தெரியவில்லை. விறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது.

அவன் கை ஓயும்போது அவள் வாங்கி அடித்தாள். அவள் கை ஓயும்போது அவன் வாங்கினான். யார் தூங்கினார்கள், யார் அடித்தார்கள் என்பதெல்லாம் குழம்பிவிட்டது. ஒரு சமயம் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதாகவும், மடியில் கல் இருப்பதாகவும், அப்பா முன்னால் நடந்துபோவதாகவும் ஐலிக்குத் தோன்றியது. எதிர்ப்பெட்டியில் ஆர்வோ இருக்கிறானா என்று பார்க்க எட்டினாள். அவ்வளவு எடையோடு பக்கத்திலேயே இருந்தான்.

பனிக்குள் ஒரு காது தெரிந்தது. நீளமான ஒற்றைக் காது. பிறகு இன்னொன்று. பிறகு ஓட்டிஸின் மொத்த முகமும், வாயில் பாதி மென்ற பூவோடு.

"வந்துட்டான்," என்றான் ஆர்வோ குழந்தை மாதிரி. "என் சத்தத்துக்குத்தான் வந்தான்."

அடுத்து ஜூன். டீக்கன் மட்டும் வரவில்லை. ஐலி உள்ளுக்குள் தெரிந்த ஜெபம் தெரியாத ஜெபம் எல்லாம் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல், பனி கிழிந்து ஏரியில் ஒரு துண்டு வெளிச்சம் விழுந்தபோது, டீக்கன் கரையோரமாகத் தன் பாட்டுக்கு நடந்து வந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருகிற மாதிரி. ஐலி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆர்வோவின் உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது.

இறங்கி வரும்போதும் அவன் மல்லாந்து படுத்தபடி மர நுனிகளைப் பார்த்துக்கொண்டுதான் வந்தான். ஆரஞ்சு நாடாக்கள் வந்தன, போயின. ஊன்றுகோலை அவன் எடுக்கவே இல்லை. ஐலியும் சாலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. தான் சொன்னதை அவன் கேட்டுவிட்டான். அக்டோபர் கூட்டத்தில் அவன் அதைச் சொன்னால் போதும், சாலைக்காரர்களுக்கு வேறு சாட்சியே தேவையில்லை.

*

அக்டோபரில் தீயணைப்பு வண்டியை மறுபடி வெளியே நிறுத்தினார்கள். லார்ச் மரங்களெல்லாம் மஞ்சளாகி ஊசி இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தன. கூட்டத்துக்கு வந்தவர்களின் தொப்பியிலெல்லாம் ஊசி. ஐலி மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கழுதைகள் வெளியே, அவற்றை ஏற்றி வந்த வண்டியிலேயே நின்றன. ஆர்வோ சுருங்கிப் போயிருந்தான். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. ராய்ஸ் அவனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, தோளில் கைவைத்து நின்றுகொண்டார், கேமரா இருந்த பக்கமாக.

"நம்ம ஆர்வோ ஏரிய பாத்துட்டு வந்துட்டார்," என்றார் ராய்ஸ். "உயிர் போய் உயிர் வந்த கதைன்னு கேள்விப்பட்டேன். அவரே சொல்லட்டும்."

ஐலி பின்வரிசையில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"உண்மைதான்," என்றான் ஆர்வோ. "உயிர் போகப் பாத்துச்சு. பனி. கழுதைங்க தொலஞ்சு போச்சு. என் தங்கச்சி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா? 'ஒரு சாலை இருந்தா மொத்த மலையையும் எடுத்துக்கட்டும்'னு சொன்னா. இந்த ஐலிதான். இந்தக் காதால கேட்டேன்."

கொட்டகை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. யாரோ விசிலடித்தார்கள். ராய்ஸின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. ஐலிக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. பாவி, சொல்லிவிட்டானே!

"இருங்க, இன்னும் என் நேரம் முடியல," என்றான் ஆர்வோ. "நான் சாலை போட்டவன். நான் போட்ட ஒவ்வொரு சாலைக்கும் யாராவது ஒருத்தர் காரணமா இருந்தாங்க. ஒரு நோயாளி, ஒரு கிழவி, ஒரு தீ விபத்து. எல்லாம் நல்ல காரணம்தான். பயந்துபோன மனுசன் எதையும் குடுத்துடுவான், என் தங்கச்சி குடுத்த மாதிரி. அவகிட்ட அன்னிக்குக் கேட்டிருந்தா கையெழுத்தே போட்டிருப்பா. சாயங்காலம் கேட்டா? அதுக்குள்ள பனி விலகிடுச்சு." மூச்சு வாங்கினான். "போன தடவ நான் எப்படிப் போறதுன்னு கேட்டேன், எல்லாரும் கை தட்டினீங்க. அப்பவே புரிஞ்சிருக்கணும். இந்தத் தடவ உங்களுக்குக் கெடச்ச சாக்கு நான்தான். அந்தச் சாக்க நான் திருப்பி எடுத்துக்கறேன். நான் போயிட்டு வந்துட்டேன். அது தூரமாத்தான் இருக்கு. தூரமாவே இருக்கட்டும்."

ராய்ஸின் கை அவன் தோளிலிருந்து மெல்ல நழுவியது. யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் பலர் பேசினார்கள், ஆனால் கூட்டத்தில் அந்தப் பழைய சூடு இல்லை. சாலைக்கு உத்தரவு வரவேயில்லை. ஆரஞ்சு நாடாக்கள் நாளாக ஆக வெயிலில் வெளுத்து ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தன. அந்த ஒன்பது மைல் இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது.

அன்று கூட்டம் முடிந்ததும் ஐலி அவனை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டி நிறுத்துகிற இடத்துச் சரளையில் சக்கரம் புதைந்து நின்றது. முட்டித் தள்ளினாள்.

"எந்த மடையன் போட்ட சரளை இது?"

"நான் போட்டதுதான்."

"தெரியும். அதான் கேட்டேன்." தள்ளுவதை நிறுத்திவிட்டாள். அவன் முன்னால் வந்து, சரளையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "ஊருக்கு முன்னாடி ஏன் அதச் சொன்ன? பொய்ன்னு சொல்லக்கூட முடியல. நெசமாவே சொன்னேன் ஆர்வோ. நீ பொழைக்கறதா இருந்தா மலைய குடுத்திருப்பேன். இப்பவும் குடுப்பேன்."

"தெரியும்டி."

"அப்புறம் ஏன் என் பக்கம் பேசின? நீ ஆயுசு முழுக்க அந்தப் பக்கம்தானே?"

ஆர்வோ அவள் தொப்பியிலிருந்து ஒரு மஞ்சள் ஊசியை எடுத்துக் கீழே போட்டான். கண்ணைச் சுருக்கி, அப்பா விலகி நின்று பார்ப்பாரே, அதே மாதிரி அவளைப் பார்த்தான்.

"அன்னிக்குப் பனியில உன் பக்கம் எடை கொறஞ்சு போச்சு," என்றான். "இன்னிக்கு ஒரு கல்லு போட்டேன். அவ்வளவுதான். தள்ளு, குளிருது."

ஐலி எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் தள்ளினாள்.